பெருநாழியில் விழுந்த கல், கரிசலில் இல்லாத வகுப்பு

2023 ஆகஸ்ட் 23 மாலை சந்திரயான்-3இன் தரையிறங்கி விக்ரம் நிலவில் கால் பதித்ததும் தமிழ்நாட்டில் பேச்செல்லாம் பெயர்களைப் பற்றித்தான். திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். அதற்கு முன் சந்திரயான்-2 திட்டத்துக்கு வனிதா, சந்திரயான்-1க்குக் கோதவாடி மயில்சாமி அண்ணாதுரை. அடுத்த வாரமே ஆதித்யா எல்-1 கிளம்பியபோது செங்கோட்டை நிகர் ஷாஜி. பெருமைப்பட வேண்டிய பட்டியல்தான், சந்தேகமில்லை. ஆனால் அது பெரும்பாலும் பொறியாளர்களின் பட்டியல். கலம் இறங்கியபின் அங்கே கிடக்கும் மண்ணை அளந்து, இது என்ன பாறை, எப்போது உறைந்தது, இதற்கடியில் என்ன இருக்கும் என்று சொல்கிறவர்கள் வேறு கூட்டம். அந்தக் கூட்டத்துக்குக் கோள் அறிவியலாளர்கள் என்று பெயர். அவர்களை நம்மூரில் யாருக்கும் தெரியாது.

விருதுநகர் மாவட்டத்தில் திருச்சுழிப் பக்கத்து எம்.ரெட்டியபட்டி போன்ற ஊரில் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் பெண் ஒருத்தி, நிலவைப் பற்றி ஆராய்ச்சி செய்ய என்ன படிக்க வேண்டும் என்று கேட்டால், "ஏரோநாட்டிக்கல் எடும்மா" என்றுதான் பதில் வரும். தனியார் கல்லூரியில் நான்கு வருடக் கட்டணம் கட்டியபின்தான் அது விமானம் செய்யும் படிப்பு, நிலாப் படிப்பு இல்லை என்று தெரியவரும். பருத்தியும் மிளகாயும் மல்லியும் போட்டு, மழை பொய்த்த வருடம் வேலிக்கருவையை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற வீட்டுக்கு அந்தத் தவறான யோசனையின் விலை மிக அதிகம். கோள் அறிவியலுக்கு வேண்டிய அடிப்படை நிலவியல், வேதியியல், இயற்பியல். இப்போது அவற்றோடு கணினியில் படங்களைப் பகுத்துப் பார்க்கும் பயிற்சியும். இவற்றில் முதலாவதைத் தவிர மற்றதெல்லாம் அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கல்லூரிகளிலேயே கிடைக்கும். அந்த முதலாவதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையின் வழக்கே.

இத்தனைக்கும் இந்த வட்டாரத்துக்கும் கோள் அறிவியலுக்கும் உள்ள தொடர்பு சந்திரயான் காலத்தில் தொடங்கியதல்ல. 1857 பிப்ரவரி 28 அன்று, இன்றைய கமுதி வட்டத்திலுள்ள பெருநாழியில் வானத்திலிருந்து இரண்டு கற்கள் விழுந்தன. இரண்டும் சேர்ந்து 77 கிலோவுக்கு மேல். திருச்சுழி வட்டத்தைத் தாண்டினால் கமுதி வட்டம். மண்ணும் அதே கரிசல்தான். அப்போது மதுரை அமெரிக்க மிஷனின் பாதிரியார் ஹெச்.எஸ். டெய்லர் கமுதிப் பக்கத்து மண்டபசாலையில் இருந்தார். அவர் வழியாகச் செய்தி வெளியுலகுக்குப் போனது. 1861-இல் வியன்னாவில் ஹைடிங்கர் இந்தக் கல்லைப் பற்றி எழுதினார். பெரும்பகுதி இன்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெள்ளைக்காரர் காதில் விழுந்த உச்சரிப்பிலேயே பெயரும் பதிவாகிவிட்டது: 'பர்னல்லி'. உலகத்து விண்கல் பட்டியல்களில் இன்றைக்கும் அதே பெயர்தான். பெருநாழிக்காரர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

சாதாரணக் கல்லாக இருந்திருந்தால் இவ்வளவு சொல்ல வேண்டியதில்லை. பெருநாழிக் கல் எல்.எல்.3.6 என்ற வகை. 'எல்.எல்.' என்றால் இரும்பு குறைந்தது, அதிலும் உலோகமாக இருக்கும் இரும்பு மிகக் குறைவு. '3.6' என்பது தன் தாய்க்கோளுக்குள் இருந்த காலத்தில் அது எவ்வளவு சூடுபட்டது என்பதன் அளவு. ஆறு என்றால் நன்றாக வெந்தது. மூன்றைச் சேர்ந்தது என்றால் அவ்வளவாகச் சூடுபடாதது, ஆகவே பழைய அடையாளங்கள் அழியாதது. கோள்கள் உருவாகும் முன் சூரியனைச் சுற்றிச் சுழன்ற தூசி உருகித் துளித்துளியாக உறைந்தது. அந்த உருண்டைகளுக்குக் கான்ட்ரூல் என்று பெயர். கல்லை அறுத்து 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, முனைவாக்கிய ஒளியில் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் கேழ்வரகைக் கொட்டியதுபோல் அந்த உருண்டைகள் ஒன்றோடொன்று நெருங்கிக் கிடக்கும். சிலவற்றுக்குள் ஆலிவின் படிகங்கள் கம்பி கம்பியாக நீலமும் மஞ்சளும் சிவப்புமாகத் தெரியும். தட்டைத் திருப்பினால் நிறம் மாறும், ஒரு கோணத்தில் அணைந்து கறுத்துப்போகும். கோள் அறிவியலின் அன்றாட வேலையில் பாதி இதுதான். ராக்கெட் புகை எங்கும் இல்லை.

பெருநாழிக் கல்லை அப்படி அறுத்துப் பார்த்தவர்கள் பலர். வழக்கத்துக்கு மாறான பெரிய கான்ட்ரூல் ஒன்று அதில் இருப்பதை 1967-இல் பின்ஸ் எழுதினார். அதன் கான்ட்ரூல்களின் வயது 450 கோடி ஆண்டுக்கு மேல் என்று 1979-இல் கணித்தார்கள். 1992-இல் வந்த செய்தி இன்னும் விசித்திரமானது. அதே கல்லுக்குள் ஒரு சின்னத் துண்டு மற்றப் பகுதியோடு ஒட்டாமல் இருந்தது. மாங்கனீசுக்கும் இரும்புக்கும் உள்ள விகிதம் அதில் வேறு மாதிரி. இதுவரை நாம் அறியாத ஏதோ ஒரு கோளில் உருகி உறைந்த பாறை உடைந்து இதில் வந்து சேர்ந்ததா என்ற கேள்வியைக் கட்டுரையின் தலைப்பிலேயே எழுப்பினார்கள். இந்த மூன்று வேலையும் நடந்தது நம் நாட்டுக்கு வெளியே. ஏன் என்று கேட்டால், கல் அங்கே இருந்தது என்பது பாதிப் பதில்தான். அறுக்கவும் பார்க்கவும் தெரிந்த கைகளும் அங்கேதான் இருந்தன.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஜப்பானின் ஹயபுசா கலம் இடோகாவா என்ற சிறுகோளுக்குப் போய், 2010-இல் கண்ணுக்குத் தெரியாத சிறு துகள்களைக் கொண்டுவந்தது. அவற்றை ஆராய்ந்தபோது இடோகாவா எல்.எல். வகை விண்கற்களோடு ஒத்துப்போனது. கோடிகள் செலவழித்து, ஏழு வருடம் அலைந்து அவர்கள் பொடியாகக் கொண்டுவந்த அதே இனத்துச் சரக்கு, பெருநாழியில் 77 கிலோ இலவசமாக விழுந்தது. 2008 செப்டம்பர் 12 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரியில் விழுந்த சுமார் 110 கிலோவும் எல்.எல். வகைதான். அந்தக் கல்லை இந்திய நிலவியல் ஆய்வுத் துறை எடுத்து வைத்து ஆராய்ந்தது. பழனிமலையில் 1898-இல் கிடைத்த கொடைக்கானல் இரும்புக் கல் வேறொரு புதிர். மற்ற விண்கற்களைவிட அது எழுபது கோடி ஆண்டு இளையது என்று 1967-இல் பர்னெட்டும் வாசர்பெர்க்கும் காட்டினார்கள். பீகாரின் ஷெர்கட்டியில் 1865-இல் விழுந்த கல் செவ்வாயிலிருந்து வந்தது என்று பிற்பாடு தெரிந்தது. செவ்வாய்க் கற்களில் ஒரு பெரிய பிரிவுக்கே அந்த ஊரின் பெயர். ஆகக் கல்லுக்குப் பஞ்சமில்லாத நாடு இது.

இதைப் படித்துவிட்டுக் காட்டில் கறுப்புக் கல் தேடக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கரிசல் மண் விண்கல் தேட ஏற்ற இடமே இல்லை. மழையில் ஊறி உப்பும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். விழுந்த கல்லை உள்ளே வாங்கிக்கொள்ளும். சிவந்து துருவேறியபின் விண்கல்லுக்கும் வெறும் கல்லுக்கும் வித்தியாசம் தெரியாது. அண்டார்டிகப் பனியிலும் சகாராவிலும் ஆயிரக்கணக்கில் கிடைப்பதற்குக் காரணம் அங்கே அதிகம் விழுவதல்ல, விழுந்தது கண்ணில் படுவதுதான். நம் பக்கம் எடுத்து வருகிறவை பெரும்பாலும் இரும்புக் கிட்டமும் செங்கல் சூளைக் கட்டியும். ஏற்கெனவே உடைந்த பக்கத்தில் குமிழ்த் துளை தெரிந்தால் விண்கல் இல்லை என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். புதிதாக விழுந்த கல்லில் தாள் கனத்துக்குக் கருகிய மேலோடு இருக்கும். காந்தம் ஒட்டவில்லை என்று எறிந்துவிடவும் கூடாது. பெருநாழி வகையில் உலோகம் குறைவு என்பதால் காந்தம் லேசாகத்தான் இழுக்கும். கிடைத்தால் கழுவாமல், உடைக்காமல், பூசை போடாமல், விழுந்த இடத்தையும் நேரத்தையும் எழுதி வைத்து வட்டாட்சியர் மூலம் நிலவியல் ஆய்வுத் துறைக்குச் சொல்ல வேண்டும். 2016-இல் வேலூர் மாவட்டத்தில் ஒரு கல்லூரி வளாகத்தில் நடந்த வெடிப்பில் ஒருவர் இறந்ததை விண்கல் சாவு என்று அவசரப்பட்டு அறிவித்தார்கள். நாசா விஞ்ஞானிகள் படங்களைப் பார்த்து, அது தரையில் நடந்த வெடிப்புப் போலிருக்கிறது என்றார்கள். அந்த அவசரம் நமக்குப் பழக்கமாகிவிட்டது.

தேடுவதைவிட விழுவதைப் பிடிப்பது இங்கே நடக்கக்கூடிய வேலை. கண்காணிப்பு கேமராவில் பொருத்தும் ஒரு உணர்கருவி, ராஸ்பெர்ரி பை என்ற கையகலக் கணினி, இலவச மென்பொருள் இவற்றைக் கொண்டு எரிகற்களை இரவு முழுதும் பதிவு செய்யும் உலகளாவிய எரிகல் வலைப்பின்னல் ஒன்று இயங்குகிறது. செலவு ஒரு நல்ல செல்போன் விலை. இரண்டு மூன்று ஊர்களில் ஒரே எரிகல் பதிவானால் அது எந்தத் திசையிலிருந்து வந்தது, எங்கே விழுந்திருக்கும் என்று கணக்குப் போடலாம். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மறைக்கும் என்பது உண்மைதான். டிசம்பர் நடுவில் வரும் ஜெமினிட் பொழிவைப் பல வருடம் மழை கெடுத்துவிடும். ஆனால் தை பிறந்தபின் மாதக்கணக்கில் வானம் வெறிச்சென்று கிடக்கிற வட்டாரம் இது. ரெட்டியபட்டியிலும் திருச்சுழியிலும் பெருநாழியிலும் பள்ளி மொட்டைமாடிகளில் ஒவ்வொரு கேமரா வைத்தால் அது பெயருக்குச் செய்யும் அறிவியல் கண்காட்சியாக நிற்காது, பயன்படும் தரவாகும்.

இனிக் கல்லைப் படித்ததால் என்ன கிடைக்கும் என்பதற்கு நாமக்கல்லைப் பார்க்கலாம். பரமத்தி வேலூர்ப் பக்கம் சித்தம்பூண்டியில் அனார்த்தோசைட் என்ற வெளுத்த பாறை கிடக்கிறது. நிலவின் மேட்டுநிலம் இந்த இனப் பாறையால் ஆனது. சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியல் துறையின் அன்பழகனும் அறிவழகனும் இந்தப் பாறை ஒளியை எப்படிப் பிரதிபலிக்கிறது என்று அளந்து, நிலவின் மேட்டுநிலத்தோடு ஒப்பிட்டு 2010 வாக்கில் கட்டுரை எழுதினார்கள். ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் அடக்கமான ஆய்வு. சந்திரயான்-2 தரையிறங்கியையும் ஊர்தியையும் சோதிக்க நிலவு மண் மாதிரி டன் கணக்கில் வேண்டியிருந்தபோது, அமெரிக்காவிலிருந்து கிலோ கணக்கில் விலை கொடுத்து வாங்குவது கட்டுப்படியாகாது என்ற நிலை வந்தது. அப்போது இந்த ஆய்வு கைகொடுத்தது. சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறைகளை உடைத்து, நிலவு மண்ணின் துகள் அளவுக்கு அரைத்து, சுமார் 50 டன் பெங்களூருக்குப் போனது. திருச்சி என்.ஐ.டி.யின் மண் பொறியியல் ஆட்களும் இதில் சேர்ந்தார்கள். 2020-இல் இஸ்ரோவுக்குக் காப்புரிமையும் கிடைத்தது. சந்திரயான்-3இன் கால்களும் சக்கரங்களும் பழகியது அந்த நாமக்கல் மண்ணில்தான்.

கதை அதோடு முடியவில்லை. சந்திரயான்-3இன் ஊர்தி பிரக்யான் நிலவில் 103 மீட்டர் நகர்ந்து 23 இடங்களில் மண்ணை அளந்தது. அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் வடவாலே குழு 2024 ஆகஸ்டில் 'நேச்சர்' இதழில் முடிவை வெளியிட்டது. அந்த மண் இரும்பு கலந்த அனார்த்தோசைட் பாறையிலிருந்து வந்ததோடு ஒத்துப்போகிறது, நிலவு ஒருகாலத்தில் உருகிய பாறைக் கடலாக இருந்தது என்ற கருத்துக்கு அது வலுச் சேர்க்கிறது என்று சொன்னார்கள். ஒத்திகை பார்த்த பாறையும் போய் இறங்கிய பாறையும் ஓரினமாக அமைந்ததில் அதிர்ஷ்டம் பாதிதான். மறுபாதி, சேலத்தில் ஒரு நிலவியல் துறை இருந்தது. ஒட்டன்சத்திரத்திலும் அனார்த்தோசைட் உண்டு. பந்தல்குடியில் உருமாறிய சுண்ணாம்புக்கல் உண்டு, அதை வெட்டி சிமெண்ட் ஆக்குகிறோம். அருப்புக்கோட்டைப் பையனுக்கு நிலவியல் பட்டம் வேண்டுமென்றால் தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி, திருச்சி, சேலம் என்று வெளியூருக்குப் போக வேண்டும். பையன் போய்விடுவான், பெண்ணை அனுப்புவார்களா என்பது வேறு கேள்வி.

வானத்தைப் பார்த்தும் தமிழ்நாடு இந்தத் துறையில் பெயர் எடுத்திருக்கிறது. 1861-இல் சென்னை வானாய்வகத்தில் பாக்சன் கண்டுபிடித்த சிறுகோளுக்கு ஆசியா என்று பெயர் வைத்தார். 1988-இல் காவலூரில் ராஜமோகன் கண்டது 4130 ராமானுஜன். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது காவலூரில் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் வெளிச்சம் ஒரு கணம் மங்கியதைப் பதிவு செய்து, புதிய துணைக்கோள் என்று கருதினார்கள். உண்மையில் அவர்கள் கண்டது யுரேனஸின் வளையம். அந்தப் பெருமை விமானத்தில் பறந்தபடி பார்த்த அமெரிக்கக் குழுவுக்குப் போனது. இன்று பெரிய தொலைநோக்கிகள் சிலியிலும் ஹவாயிலும் லடாக்கிலும் இருக்கின்றன. காவலூர் இருக்கும் ஜவ்வாது மலைக்கு இனி அந்த இடம் திரும்பாது.

இப்போதைய நிலவரம் என்ன? 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை இரண்டு பயணங்களுக்கு ஒப்புதல் தந்தது. நிலவிலிருந்து மண் எடுத்துவரும் சந்திரயான்-4க்கு 2,104 கோடி, வெள்ளிக் கோளைச் சுற்றப் போகும் கலத்துக்கு 1,236 கோடி. ஜப்பானோடு சேர்ந்து 250 கிலோ ஊர்தியை இறக்கும் சந்திரயான்-5க்கு 2025-இல் ஒப்புதல் வந்தது. இவற்றில் இளைஞர்கள் கவனிக்க வேண்டியது சந்திரயான்-4. மண் வந்து சேர்ந்தால் அதை வாங்கிவைக்க, துகள் துகளாகப் பிரிக்க, வேதியியலாகப் பகுக்க ஆட்கள் வேண்டும். அப்பல்லோ கொண்டுவந்த 382 கிலோ கல்லை ஐம்பது வருடம் தாண்டியும் புதுப்புது ஆட்கள் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். ராக்கெட் ஒருமுறை பறக்கும். கல் தலைமுறை தலைமுறையாகச் சோறு போடும்.

அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. சந்திரயான் தரவுகள் இஸ்ரோவின் பிரதான் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பெயர் பதிந்துகொண்டால் போதும். சந்திரயான்-3இன் தரவு 2024 ஆகஸ்ட் 23 அன்று வெளியானது. சந்திரயான்-2இன் உயர்நுட்பக் கேமரா நிலவின் தரையை 25 சென்டிமீட்டர் துல்லியத்தில் படம் எடுத்திருக்கிறது. அதில் இன்னும் யாரும் உட்கார்ந்து பார்க்காத பள்ளங்களும் சரிவுகளும் ஏராளம். நிலத்தடி நீருக்காகச் செயற்கைக்கோள் படம் பார்க்கக் கற்றவருக்கு நிலவுப் படம் பார்ப்பது பெரிய தாவல் இல்லை. மென்பொருளும் அதேதான், இலவசம். மாணவர்கள் சிறுகோள் தேடும் பன்னாட்டு இயக்கமும் உண்டு. ஹவாயில் எடுத்த படங்களை அனுப்பிவைக்கிறார்கள், நகரும் புள்ளியைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். நல்ல பயிற்சி. ஆனால் முதல்கட்டச் சான்றிதழ் வந்ததுமே 'சிறுகோளைக் கண்டுபிடித்த மாணவி' என்று பத்திரிகையில் போடுவது சரியில்லை. பல வருடம் தொடர்ந்து கவனித்து, பாதை உறுதியானபின்தான் அதற்கு எண்ணே கொடுப்பார்கள்.

குலசேகரன்பட்டினத்தில் ஏவுதளம் வருகிறது. 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். 2025-இல் தமிழக அமைச்சரவை ஒப்புக்கொண்ட விண்வெளித் தொழில் கொள்கையில் சலுகை பெறும் மாவட்டங்களில் விருதுநகரும் உண்டு. லேத், வெல்டிங், மின்னணுப் பணி தெரிந்தவர்களுக்கு வேலை வரும், வரட்டும். அதை ஆராய்ச்சி வாய்ப்பு என்று எண்ணிக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான்.

ஆராய்ச்சி வழி இப்படிப் போகும்: இயற்பியல், வேதியியல் அல்லது நிலவியலில் பி.எஸ்சி., ஜாம் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யிலோ நல்ல பல்கலைக்கழகத்திலோ எம்.எஸ்சி., பிறகு நெட், கேட், ஜெஸ்ட் தேர்வுகளில் ஒன்று, அதைக் கொண்டு அகமதாபாத் ஆய்வுக்கூடத்திலோ திருவனந்தபுரம் விண்வெளி இயற்பியல் ஆய்வகத்திலோ முனைவர் பட்டம். இளநிலை ஆய்வாளருக்கு மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை, வீட்டுவாடகைப் படி தனி. மேற்படிப்பு என்றால் இன்னும் பணம் கட்ட வேண்டும் என்று நினைக்கும் பெற்றோரிடம் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான். கூடவே இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பட்டம் வாங்க ஐந்தாறு வருடம் ஆகும், நிரந்தரப் பதவிகள் குறைவு, எல்லாரும் கோள் அறிவியலாளராக முடியாது.

அதனால்தான் மூன்று பாடங்களில் நிலவியலை நான் முன்னே வைக்கிறேன். நிலவுக்குப் போகாத நிலவியல் மாணவர் திருச்சுழியில் ஆழ்துளைக் கிணறு எங்கே போட வேண்டும் என்று சொல்லலாம், சுரங்கத்தில் வேலை பார்க்கலாம், யு.பி.எஸ்.சி. நடத்தும் புவி அறிவியலாளர் தேர்வு எழுதி நிலவியல் ஆய்வுத் துறைக்கே போகலாம். தண்ணீருக்குத் தவிக்கும் விருதுநகர், ராமநாதபுரம் மாவட்டங்களில் ஏதேனும் ஒரு அரசுக் கல்லூரியில் நிலவியல் பட்டப்படிப்பு, அதோடு பாறை அறுக்கும் இயந்திரமும் முனைவாக்க நுண்ணோக்கிகளும் கேட்பது பேராசை ஆகாது. புதிய கல்லூரிகள் திறக்கும்போது வணிகவியல், கணினி அறிவியல் போன்ற படிப்புகள்தான் பெரும்பாலும் வருகின்றன. உயர்கல்வித் துறை இதை மாற்ற வேண்டும்.

அது நடக்கும்வரை பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு இஸ்ரோ 2019 முதல் யுவிகா என்ற பயிற்சி நடத்துகிறது. சுமார் இரண்டு வாரம் இஸ்ரோ மையத்திலேயே தங்கிப் படிக்கலாம். பயணம், சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் இஸ்ரோ செலவு. ஊராட்சிப் பகுதிப் பள்ளியில் படிப்பவர்களுக்குத் தேர்வில் கூடுதல் மதிப்பெண் உண்டு. அறிவிப்பு பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில் வரும். விண்ணப்பம் இணையத்தில் மட்டும். எட்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.